கட்டிலிலிருந்து வீல்சேருக்கு: முதியவர்களைத் தூக்காமல் மாற்றும் முறை

எங்கள் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் வைக்கும் முதல் பரீட்சை இது. நானே கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்கு இடது கை, கால் வராது. என்னை வீல்சேர்ல உட்கார வை" என்பேன். அநேகமாக எல்லோருடைய கையும் நேராக என் அக்குளுக்குத்தான் வரும். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்கு. என் முழு எடையும் தோள்மூட்டில் தொங்கும். எனக்கே சுரீர் என்கிறது. பக்கவாதத்தில் தோள் தளர்ந்துபோன 80 வயதுக்காரருக்கு மூட்டே நழுவலாம். தூக்கியவரின் இடுப்பும் அந்த ஒரு நிமிடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.

கீழே சொல்லும் வரிசையில் தூக்குவது என்பதே அநேகமாகக் கிடையாது. அவரால் முடிந்ததை அவரே செய்வார், குறைவதை மட்டும் நாம் சேர்ப்போம். வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இது உதவும். ஆனால் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எது பொருந்தும் என்று ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்டை வரவழைத்து, அவர் முன்னால் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

1. இன்றைக்கு அவரால் என்ன முடியும்?

நேற்று நின்றவர் இன்றும் நிற்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவு போட்ட தூக்க மாத்திரை, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று எது வந்தாலும் வயதானவர்களுக்குக் கால் பலம் சட்டென்று இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, சொன்னது புரிகிறதா? "ஐயா, என் கையை இறுக்கிப் பிடிங்க" என்று கேட்டாலே தெரிந்துவிடும். இரண்டாவது, கட்டில் ஓரத்தில் நம் பிடி இல்லாமல் நிமிர்ந்து உட்கார முடிகிறதா? மூன்றாவது, உட்கார்ந்தபடியே ஒரு காலை முன்னால் நீட்டி ஐந்து எண்ணும் வரை நிறுத்த முடிகிறதா? இரண்டு காலும் வர வேண்டும் என்றில்லை. ஒரு கால் உறுதியாக இருந்தாலே நின்று மாறலாம்.

மூன்றும் சரியென்றால் ஒரு ஆள் போதும். ஒன்று சந்தேகமாக இருந்தால் இரண்டு பேர். உட்காரவே முடியவில்லை, அல்லது எந்தக் காலும் பாரம் தாங்காது என்றால் நிற்க வைக்கும் முயற்சியே வேண்டாம், 8-ஆம் பகுதிக்குப் போய்விடுங்கள்.

"ஒல்லியாத்தானே இருக்காங்க, தூக்கிடலாம்" என்பதுதான் புதியவர்கள் போடும் கணக்கு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம், நோயாளிகளைக் கையால் தூக்குவதற்குச் சொல்லும் உச்ச வரம்பு 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். மனிதர் அரிசி மூட்டையும் இல்லை. நடுவழியில் பயந்து உங்களைப் பிடித்து இழுப்பார், அல்லது கால் மடங்கிச் சரிவார். அதனால் ஒல்லியா, குண்டா என்று பார்க்காதீர்கள். கால் தாங்குமா என்று பாருங்கள்.

2. உங்களையும் அவரையும் தயார் செய்வது

உங்கள் துப்பட்டாவையோ முந்தானையையோ இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். வயதானவர்களின் தோல் நனைந்த காகிதம் மாதிரி. ஒரு வளையல் விளிம்பு உரசினாலே கிழிந்துவிடும், ஆற வாரக்கணக்கில் ஆகும். நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

அவருக்கு முதலில் உடை. வேட்டி, லுங்கி கட்டியவர் எழும்போது நுனியை மிதித்துத் தடுமாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முழங்கால் வரை மடித்துக் கட்டிவிடுங்கள், அல்லது எலாஸ்டிக் வைத்த பேண்ட் போட்டுவிடுங்கள். நைட்டி என்றால் காலுக்கடியில் சிக்காத அளவுக்கு ஏற்றிவிட்டு, மடியில் ஒரு துண்டைப் போடுங்கள். மானம் போய்விடுமோ என்று இரண்டு கையாலும் துணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கைப்பிடியைப் பிடிக்க மாட்டார்.

காலில் பின்பக்கம் பட்டை உள்ள, அடி வழுக்காத செருப்பு வேண்டும். வெறும் சாக்ஸ் கூடவே கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் உள்ளங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் நிற்க வைக்க வேண்டும்.

அடுத்தது பெல்ட். இடுப்பில் கட்டும் அகலமான துணிப் பெல்ட் இது, சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். உடைக்கு மேலேதான் கட்ட வேண்டும், உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். பெல்ட் இல்லாதவர்கள் பாவாடை நாடாவையோ பேண்டின் இடுப்பையோ பிடித்துத் தூக்குகிறார்கள். நாடா இடுப்பை அறுக்கும், பேண்ட் கவட்டையில் ஏறும், இரண்டும் எப்போது வேண்டுமானாலும் கிழியும். வயிற்றில் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், வயிற்றில் டியூப் வைத்திருப்பவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் நர்ஸிடம் கேட்காமல் பெல்ட் கட்டாதீர்கள்.

3. இடத்தைத் தயார் செய்வது

அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, அப்புறம் வீல்சேர் எங்கே என்று தேடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அவர் தனியாக ஆடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நீங்கள் வராந்தாவில் இருப்பீர்கள். எல்லாம் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்த பிறகே அவரைத் தொடுங்கள்.

வீல்சேர் அவருடைய பலமான பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்போது வலது கை, கால் நன்றாக இருந்தால் வலது பக்கம். கட்டிலை ஒட்டி, கொஞ்சம் சாய்வாக, 30 முதல் 45 டிகிரிக்குள் நிறுத்துங்கள். இடைவெளி குறையக் குறைய அவர் திரும்ப வேண்டிய தூரமும் குறையும். திரும்பும்போதுதான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

திரும்பக் கட்டிலுக்கு வரும்போது எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வீல்சேரை முன்பு நின்ற அதே இடத்தில், அதே திசையில் நிறுத்தினால் கட்டில் அவருடைய பலவீனமான பக்கம் வந்துவிடும். கட்டிலின் தலைமாட்டருகே கால்மாட்டைப் பார்த்து நின்ற வண்டி, இப்போது கால்மாட்டருகே தலைமாட்டைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாததால்தான் "போகும்போது நல்லா போனாரு, வரும்போது விழுந்துட்டாரு" என்று சொல்கிறார்கள்.

இரண்டு பிரேக்கையும் போட்டு, கையால் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். பழைய வண்டிகளில் பிரேக் போட்டதுபோல் தெரியும், ஆனால் டயரில் காற்று குறைந்திருந்தால் பிடிக்காது. ஃபுட்ரெஸ்டை மடக்குங்கள், கழற்ற முடிந்தால் கழற்றியே விடுங்கள். முன்னங்காலில் பட்டுத் தோல் உரியும் என்பது ஒரு காரணம். அதில் கால் வைத்து எழுந்தால் வண்டியே முன்னால் கவிழும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கட்டிலின் உயரம் முக்கியம். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பட வேண்டும், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ நல்ல காலுக்கே பலம் போதாது. உயரம் மாற்ற முடியாத இரும்புக் கட்டில் என்றால், கால் உட்காரும் குழி வெட்டிய மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்குங்கள். செங்கல் வைக்காதீர்கள், நழுவும்.

தரையைப் பாருங்கள். பினாயில் போட்டுத் துடைத்த ஈரம் காயும் வரை காத்திருங்கள். கால்மிதியை ஓரமாகத் தள்ளுங்கள். கடைசியாக டியூப்கள். யூரின் பேகைக் கட்டிலில் மாட்டியபடியே விட்டு ஆளை நகர்த்தினால் டியூப் இழுபட்டு ரத்தமே வரும். முதலில் பேகைக் கழற்றி, அவர் போகும் பக்கம் கொண்டுவாருங்கள். எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். உயரத் தூக்கினால் சிறுநீர் பின்னோக்கி ஓடும், கிருமியும் கூடவே போகும்.

4. படுத்திருப்பவரை உட்கார வைப்பது

கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்காதீர்கள், கழுத்துக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்கவும் வேண்டாம். முழங்கால்களை மடக்கச் சொல்லி, நீங்கள் நிற்கும் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒரு கை அவர் தோள்பட்டை எலும்பின் பின்னால், மற்றொன்று மேல்பக்க இடுப்பில். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, அவர் முழங்கையை ஊன்றி மேலே வரட்டும். ஏற்றத்தில் ஒரு முனை இறங்க மறுமுனை எழுவது மாதிரி, காலின் பாரமே உடம்பை மேலே கொண்டுவரும்.

உட்கார்ந்ததும் உடனே நிற்க வைக்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் பேச்சுக் கொடுங்கள். படுத்திருந்தவர் எழும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது, வயதான உடம்பு அதைச் சரிக்கட்டத் தாமதமாகும். பிரஷர் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. "தலை சுத்துதா?" என்று கேட்டால் பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள், நமக்குத் தொல்லை தருகிறோமே என்ற கூச்சம். முகத்தைப் பாருங்கள். வெளுப்பு, வியர்வை, கொட்டாவி, பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று அமைதியாவது, இதில் எது தெரிந்தாலும் மறுபடி படுக்க வையுங்கள்.

5. நின்று, திரும்பி, உட்காருவது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒவ்வொரு அசைவும் அதற்கு முந்தையதை நம்பித்தான் நிற்கிறது.

பெல்ட்டை இப்போது மறுபடி பாருங்கள். படுத்தபோது இறுக்கமாக இருந்தது உட்கார்ந்ததும் தளர்ந்திருக்கும். அப்புறம் இடுப்பை ஒரு பக்கம், மறுபக்கம் என்று அசைத்து அவர் கட்டில் விளிம்புக்கு வரட்டும். பாதங்கள் தோள் அகலத்துக்கு, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். கால் முன்னால் நீண்டிருந்தால் யாராலும் எழ முடியாது. நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள், புரியும்.

அவர் கை கட்டிலை ஊன்றியிருக்க வேண்டும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். அவர் சரிந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழ வேண்டியிருக்கும்.

நீங்கள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்காலை மடித்து நில்லுங்கள். உங்கள் முழங்கால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு முன்னால் அணையாக இருக்கட்டும். அந்தக் கால் மடங்கினால் அங்கேயே தடுக்கும். பெல்ட்டை இரண்டு பக்கமும் கீழிருந்து மேலாக, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடியுங்கள்.

இப்போது அவர் முன்னால் குனிய வேண்டும், மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரும் வரை. பாரம் பிட்டத்திலிருந்து பாதத்துக்கு மாறினால்தான் இடுப்பு தானாகக் கிளம்பும். கொஞ்ச நாள் முன்பு சேர்ந்த ஒரு பெண், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை எழுப்ப நான்கு முறை முயன்று தோற்றாள். முகம் சிவந்து, "அக்கா, தாத்தா ஒத்துழைக்கவே மாட்டேங்கறாரு" என்றாள். அவர் ஒத்துழைத்துக்கொண்டுதான் இருந்தார். இவள் அவர் முகத்துக்கு நேராக ஒட்டி நின்றதால் அவர் குனிய இடமே இல்லை. "ஒரு சாண் பக்கவாட்டுல தள்ளி நில்லு கண்ணு" என்றேன். அடுத்த முறை அவர் குனிந்தார், அவள் பெல்ட்டில் லேசாக வழிகாட்டினாள், எழுந்துவிட்டார். "நீ வழிவிட்டா நான் எந்திரிக்க மாட்டேனா பாப்பா" என்றார் வாத்தியார்.

எண்ணிக்கை சொல்லும் முன், மூன்றில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள்: "ஐயா, ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்வேன். மூணுன்னதும் எந்திரிக்கணும்." இரண்டு பேர் உதவுகிறீர்கள் என்றால் ஒருவர் மட்டுமே எண்ண வேண்டும். ஒருவர் மூன்றிலும் மற்றவர் மூன்றுக்கு அப்புறமும் தூக்கினால் நடுவில் இருப்பவர் முறுகிப்போவார்.

எழுந்ததும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். கால் நிலைத்ததா, தலை சுற்றுகிறதா என்று பார்க்கும் நேரம் இது. சரியில்லை என்றால் கட்டில் இன்னும் பின்னாலேயே இருக்கிறது, உட்கார வைத்துவிடலாம். சரியென்றால் சின்னச் சின்ன அடியாக அவர் திரும்பட்டும், நீங்களும் கூடவே அடி வைத்துத் திரும்புங்கள். காலை ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பினால் உங்கள் முதுகுத்தண்டின் தட்டுகள் முறுக்கிக்கொள்ளும். இந்த வேலையில் முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களில் பலர் இப்படித் திரும்பிக் கெடுத்துக்கொண்டவர்கள்தான்.

வீல்சேர் சீட்டின் விளிம்பு இரண்டு காலின் பின்பக்கமும் பட்டதை அவரே உணர வேண்டும். "பின்னாடி சேர் படுதா?" என்று கேளுங்கள். பட்ட பிறகு, கை பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடிக்கட்டும். மறுபடி முன்னால் குனிந்து, மெதுவாக உட்காரட்டும். நீங்கள் முழங்காலை மடித்துக் கூடவே இறங்குங்கள். பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் எலும்பு தேய்ந்தவர்களுக்கு முதுகெலும்பே நசுங்கலாம்.

6. உட்கார்ந்த பிறகு

இடுப்பு சீட்டின் பின்பக்கம் வரை போயிருக்க வேண்டும். பாதியில் உட்கார்ந்தவர் அரை மணி நேரத்தில் வழுக்கி இறங்கிவிடுவார். பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து இழுக்கத் தோன்றும், செய்யாதீர்கள். முன்னால் குனியச் சொல்லி ஒவ்வொரு பிட்டமாகப் பின்னால் நகர்த்துங்கள். ஃபுட்ரெஸ்டை மாட்டிப் பாதத்தை வையுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். டியூப் சக்கரத்தில் சிக்கியிருக்கிறதா, வராத கை தொடைக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

7. கட்டிலில் மேலே நகர்த்துவது

தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் எல்லோரும் கால்மாட்டுக்கு வழுக்கி வருவார்கள். அவர்களை இழுத்து ஏற்றுவதில்தான் புண் ஆரம்பிக்கிறது: தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே சதை நகரும், நடுவில் சின்ன ரத்தக்குழாய்கள் அறுபடும். முதுகின் அடிப்பக்கமும் குதிகாலும் முதலில் போகும்.

கட்டிலைத் தட்டையாக்குங்கள். தலையணையை எடுத்துத் தலைமாட்டுக் கம்பியில் சாத்துங்கள், தலை இடிக்காது. தோள் முதல் தொடை வரை வரும் ஒரு விரிப்பு அவருக்கு அடியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று, அதன் ஓரத்தை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். அவர் முழங்காலை மடித்து, தாடையை நெஞ்சோடு சேர்க்கட்டும். மூன்று எண்ணியதும் கையால் தூக்காமல், உங்கள் உடல் பாரத்தைப் பின்காலிலிருந்து முன்காலுக்கு மாற்றுங்கள். விரிப்பு கூடவே வரும். வழுவழுப்பான நைலான் ஷீட் பயன்படுத்தினால் வேலை பாதி குறையும். முடிந்ததும் அதை மறக்காமல் உருவிவிடுங்கள், இல்லையென்றால் அவர் மறுபடி வழுக்கி வருவார்.

8. நிற்கவே முடியாதவர்களுக்கு

இவர்களுக்கு ஹாயிஸ்ட் வேண்டும். அதாவது துணித் தொட்டிலில் வைத்து இயந்திரம் தூக்கும் முறை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் இதைக் கேட்டபோது, "நாலு பேர் இருக்கீங்களே, மெஷின் எதுக்கு?" என்றார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் டிஸ்க் விலகி வேலையை விட்டார். அவர் போனதைவிட மெஷின் விலை பெரிதில்லை என்பது என் கருத்து.

மெஷினிலும் தொட்டிலிலும் எழுதியிருக்கும் எடை வரம்பைப் பாருங்கள். தொட்டிலின் தையலை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பாருங்கள், நூல் பிரிந்திருந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். ஆளுக்கேற்ற அளவு இருக்க வேண்டும். பெரியதில் நழுவி விழுவார், சின்னது கவட்டையை அறுக்கும்.

மாட்டியதும் கட்டிலிலிருந்து ஒரு சாண் மட்டும் உயர்த்தி நிறுத்துங்கள். எல்லா வளையமும் கொக்கியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஆள் சாய்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மெஷினின் கால்கள் அகல விரிந்திருக்கட்டும். வீல்சேருக்குப் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஆனால் தூக்கும்போது மெஷினின் சக்கரத்தைப் பூட்டச் சொல்வது அபூர்வம், பாரத்தின் மையத்துக்கு அது தானாக நகர வேண்டும். உங்கள் மெஷினின் கையேடு என்ன சொல்கிறதோ அதையே செய்யுங்கள். ஒருவர் ரிமோட்டில், இன்னொருவர் அவர் பக்கத்தில். கரண்ட் போனாலும் பேட்டரி தீர்ந்தாலும் இறக்கும் அவசர வழி எங்கே என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள்.

9. சிலருக்குச் சில மாற்றங்கள்

பக்கவாதம் வந்தவரின் வராத கையைப் பிடித்து எப்போதும் இழுக்காதீர்கள். மாற்றும்போது அது தொங்காமல் மடியில் இருக்கட்டும்.

பார்க்கின்சன் உள்ளவரை மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு எழுப்புங்கள். நடுவில் கால் தரையில் ஒட்டிக்கொண்டால் தள்ளாதீர்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாகச் சொன்னால் அல்லது தரையில் ஒரு கோட்டைக் காட்டித் தாண்டச் சொன்னால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

மறதி நோய் உள்ளவரைப் பின்னாலிருந்து தொடவே கூடாது. முன்னால் வந்து, கண்ணுக்கு நேராகக் குனிந்து, பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வார்த்தை: "எந்திரிங்கம்மா." காத்திருங்கள். அவர்களுக்குப் புரிய நேரம் ஆகும். அடித்தால் விலகி, பத்து நிமிடம் கழித்து வாருங்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு டாக்டர் சொன்ன கட்டுப்பாட்டைக் கேட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. அவர்களிடம் "மூக்கு கால்விரலுக்கு மேலே" என்று சொல்லக் கூடாது. உயரமான இருக்கையில், ஆபரேஷன் செய்த காலை முன்னால் வைத்து எழ வேண்டும்.

10. விழ ஆரம்பித்தால்

பிடித்து நிறுத்த முயலாதீர்கள். பெல்ட்டை விடாமல், அவரை உங்கள் உடம்போடு சாய்த்து, உங்கள் காலின் வழியாகத் தரைக்கு வழுக்க விடுங்கள். தலையை மட்டும் காப்பாற்றுங்கள்.

விழுந்ததும் உடனே எழுப்ப வேண்டாம். ஓடிவந்து நாலு பேர் தூக்குவதில்தான் கீறல் விழுந்த எலும்பு இரண்டாக விலகுகிறது. நர்ஸ் வரும் வரை அங்கேயே தலைக்கு ஒரு தலையணை, மேலே ஒரு போர்வை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம், அசைக்காமல் ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அவர் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடி எதுவும் இல்லை, நர்ஸும் சரி என்கிறார் என்றால், முன்னால் ஒரு கனமான மர நாற்காலி வையுங்கள். பிளாஸ்டிக் சேர் நழுவும். அவர் ஒருக்களித்து, மண்டியிட்டு, இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழட்டும். பின்னால் இரண்டாவது நாற்காலியை நீங்கள் தள்ளுங்கள்.

11. அடுத்த ஷிஃப்டுக்கு எழுதி வைப்பது

நீங்கள் கண்டுபிடித்தது உங்களோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இரவு ஷிஃப்டில் இரண்டு மணிக்கு ஒருவர் பாத்ரூம் போக மணியடிக்கும்போது, வருபவர் புது ஆளாக இருப்பார். கேஸ் ஷீட்டில் எழுதினால் அந்த நேரத்தில் யாரும் புரட்ட மாட்டார்கள். அலமாரிக் கதவின் உள்பக்கம், கதவைத் திறந்தால் கட்டிலிலிருந்து தெரியும் இடத்தில் ஒரு அட்டை ஒட்டுங்கள். வாத்தியார் அறையில் இருப்பது இது:

"வலது பக்கம் பலம். இடது கையை இழுக்காதீங்க. ஒரு ஆள், பெல்ட் வேணும். உட்கார்ந்ததும் 2 நிமிஷம் பொறுங்க. முன்னாடி நிக்காதீங்க, குனிய இடம் விடுங்க. கண்ணாடி போட்டு விடுங்க, அப்புறம் எந்திரிப்பார்."